திட்டமிட்டபடி வளரும் பிள்ளைகள்

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே அந்த வருடத்தின் முழு ஆண்டறிக்கையும் வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளைமலைப்பட்டி ஒன்றியத்தின் பள்ளி சுகாதாரக் குழுவுக்கு இப்படி வருவது இது நான்காவது வருடம். அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. செவிலியர் பொற்கொடி மட்டும் வழக்கம்போல டேப் என்கிற கைக்கணினியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திறந்து பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகள், பதினாலாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். அடுத்த மார்ச் மாதம் ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு உயரம் இருக்கும், எவ்வளவு எடை இருக்கும், ஹீமோகுளோபின் என்கிற ரத்த அளவு என்ன, பல்லில் சொத்தை உண்டா, கண் தெரியுமா, எல்லாம் பத்தி பத்தியாகப் போட்டிருந்தது. அடியில் அவள் கையெழுத்துக்கு இடமும் விட்டிருந்தது.

பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே பேர் வைத்த கதைதான், வேறென்ன. ஆனால் இதற்கும் ஒரு நியாயம் இருந்தது. முன்பெல்லாம் முதலில் திட்டம் போடுவார்கள், பிறகு வேலை செய்வார்கள், கடைசியில் அறிக்கை எழுதுவார்கள். இந்த மூன்றும் ஒருநாளும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதில்லை. மேலிடத்துக்கு அது தீராத தலைவலி. கடைசியில் ‘முன்னறி’ என்று ஒரு இயந்திரம் வந்தது. மாநிலத்திலிருந்த நாற்பது வருடத்துப் பள்ளி சுகாதாரப் பதிவேடுகள் அத்தனையையும் அது படித்து முடித்துவிட்டு, அடுத்த வருடம் எந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக இருந்தது. அப்புறம் என்ன, அறிக்கையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற மாதிரி திட்டத்தைப் போட்டார்கள். மாத்திரை எத்தனை பெட்டி, எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை எந்தப் படுக்கையில் எந்தப் பிள்ளை, அதற்கு எத்தனை யூனிட் ரத்தம் என்பது வரை ஜூன் மாதமே முடிவாகிவிடும்.

வேலை என்ற ஒன்றுதான் பாக்கி. அதற்கும் ‘ஒத்துப்பார்த்தல்’ என்று புதுப்பெயர் வைத்தார்கள். பொற்கொடி வேனில் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். டேப்பில் பெயரும் அளவுகளும் தெரியும். கீழே இரண்டு பொத்தான்கள், சரி என்றும் சரியில்லை என்றும். சரியை அழுத்தினால் அடுத்த பிள்ளை வரும். சரியில்லையை அழுத்தினால் இருபத்துமூன்று பக்கப் படிவம் வரும். அதில் முதல் கேள்வியே, “மாணவர் ஏன் திட்டமிட்டபடி இல்லை?” என்பதுதான்.

முதல் வருடம் ஒரு பையனின் காதில் சீழ் வடிந்ததைப் பார்த்து அவள் ஒரே ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்தினாள். நான்கு நாள் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். ‘காரணம் ஏற்கத்தக்கதல்ல, மாணவரைத் திட்டத்துக்குள் கொண்டுவர எடுத்த நடவடிக்கை என்ன?’ என்று திரும்பி வந்தது. அதற்குள் பையனின் காதே ஆறிவிட்டது. அன்றோடு அவளுக்குப் புத்தி வந்தது. மணிக்கு அறுபது பிள்ளைகள் வீதம் அவளுடைய கட்டைவிரல் சரி, சரி என்று போய்க்கொண்டே இருக்கும். திட்டத்தோடு ஒன்றியத்தின் ஒத்திசைவு தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு சதவீதம். இந்த வருடமும் அப்படியே நின்றால் மாநிலக் கேடயம் அவளுக்குத்தான். இருபத்துமூன்று வருடம் வேனில் குலுங்கியவளுக்கு அந்தக் கேடயத்தின்மேல் ஆசை இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை ஓடைக்கரைப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளி. ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் வரிசையில் ஒன்பதாவதாக வந்தவள் கார்குழலி. டேப்பில் உயரம் நூற்று நாற்பத்திரண்டு, எடை முப்பத்துநான்கு, ரத்த அளவு பதினொன்று புள்ளி இரண்டு. பொற்கொடியின் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஆனால் பிள்ளை வரவில்லை. வேனுக்கு மூன்று படிதான். இரண்டாவது படியில் உட்கார்ந்துகொண்டு, ஓடி வந்த நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

பொற்கொடி கீழே இறங்கினாள். கீழிமையை இழுத்துப் பார்த்தாள், வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. நாக்கைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். கழுத்தில் நாடி படபடவென்று ஓடியது. வகுப்பு ஆசிரியை, அந்தப் பிள்ளை ஒரு மாதமாகச் சாக்பீஸ் தின்கிறாள் என்றும், அடித்தும் பார்த்தாயிற்று என்றும் சொன்னாள். பதிவுப்படி கார்குழலி ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு தடவை பூச்சி மாத்திரை விழுங்கியிருந்தாள். வாரம் தவறாமல் சத்து மாத்திரையும் சாப்பிட்டிருந்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காயைப் பிள்ளைக்கு ஊட்டியே விட்டதாக எழுதியிருந்தது.

விரலில் மாட்டினால் ரத்த அளவு சொல்லும் கிளிப் ஒன்று வேனில் இருந்தது. அதை மாட்டினாள். ஐந்து புள்ளி ஒன்று. டேப் உடனே, ‘கருவிப் பிழை, மீண்டும் அளக்கவும்’ என்றது. மீண்டும் அளந்தாள். ஐந்து. மூன்றாம் முறையும் ஐந்து என்று வந்ததும், கிளிப் பழுதாகிவிட்டதாக முடிவுசெய்து டேப் அதைப் பூட்டிவிட்டது. பழுதுபார்க்கும் இடத்துக்கு உடனே அனுப்பச் சொல்லி ஓர் உத்தரவும் வந்தது. கிளிப்புக்கு வைத்தியம் கிடைத்துவிட்டது, பிள்ளைக்குத்தான் இல்லை.

ஐந்து என்றால் இதயம் எத்தனை நாள் தாங்கும் என்று பொற்கொடிக்குத் தெரியும். கேடயமும் ஒரு நொடி கண்முன்னால் வந்தது. வராமல் இருக்குமா? ஆனாலும் சரியில்லை என்பதை அழுத்தினாள்.

பத்து நிமிடத்தில் வட்டார மருத்துவ அலுவலர் இளங்கீரனின் போன் வந்தது. நல்ல மனிதர்தான். பதவி உயர்வுக்குக் காத்திருந்த நல்ல மனிதர்.

“சிஸ்டர், டேப்புல பதினொன்னு புள்ளி ரெண்டுன்னு இருக்கு. நீங்க அஞ்சுன்னு போட்டுருக்கீங்க.”

“பிள்ளைக்கு அஞ்சுதான் சார் இருக்கு.”

“அது நாப்பது வருஷத்தைப் பாத்துச் சொல்லுது. நீங்க அஞ்சு நிமிஷம் பாத்துட்டுச் சொல்றீங்க.”

பிள்ளை படி ஏற முடியாமல் கிடக்கிறாள் என்று அவள் சொன்னாள். கேடயம் அறிவிக்கும் வரை பத்து நாள் பொறுக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார் அவர். பிள்ளை பொறுக்காது என்றாள். சாயங்காலம் ஆபீஸுக்கு வாங்க, பேசுவோம் என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் வரை அவள் காத்திருக்கவில்லை. கார்குழலியையும், செங்கல் சூளையிலிருந்து அப்படியே ஓடிவந்த அவளுடைய அம்மாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது அங்கே வரவேற்பு மேசையில் தெரிந்தது. மேசையிலிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். இந்த வாரம் ஓடைக்கரைப்பட்டியிலிருந்து கார்குழலி என்று யாருக்கும் நோய் வரப்போவதில்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். படுக்கைகள் எல்லாம் பெயர் எழுதிக் காத்திருந்தன. படுக்கையில் ஆள்தான் இல்லை. ரத்த வங்கியிலும் அப்படியே, பைகள் எல்லாம் பெயர் ஒட்டித் தொங்கின. திட்டத்தில் இல்லாத நோயாளிக்கு மாவட்டத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்குப் பதினைந்து வேலைநாள் ஆகும் என்றாள் அந்தப் பெண்.

கார்குழலியின் அம்மா பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்பிள்ளை பொழச்சுருவாளா சிஸ்டர்?” என்று கேட்டாள். பொற்கொடி பொழச்சுருவா என்றாள். சொன்னபிறகு, எந்த தைரியத்தில் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது. இரண்டு பேரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கட்டிலில் படுக்கவைத்துவிட்டு இளங்கீரனின் ஆபீஸுக்குப் போனாள்.

அவர் கதவைச் சாத்தினார். காற்றாடியைக் கூட்டி வைத்தார். சத்தத்துக்காகத்தான்.

“போன மாசம் மாவட்டத்துல பயிற்சி நடந்துச்சுல்ல. அந்த மெஷினைப் பாத்துக்கிற இன்ஜினியர் பொண்ணு, சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட ஒரு விஷயம் சொல்லுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. அது பிள்ளைங்களைப் படிக்கவே இல்லயாம் சிஸ்டர்.”

“பின்ன?”

“நம்மளைப் படிச்சுருக்கு. எந்தப் பிள்ளைக்கு என்ன நோவு வரும்னு அதுக்குத் தெரியாது. எந்தப் பிள்ளைக்கு நாம என்ன எழுதுவோம்னு தெரியும். அதுலதான் தொண்ணூத்தொன்பது.”

பொற்கொடிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பதினொன்று புள்ளி இரண்டு யாருடைய கண்டுபிடிப்பு என்று அவளுக்குத் தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே மூத்த செவிலியர் ஒருத்தி அதைக் காதில் ஓதியிருந்தாள். அப்போதெல்லாம் ரத்தம் பார்க்கும் பட்டை வருடத்தில் எட்டு மாதம் வராது. ஆனால் எண் மட்டும் மாதம் தவறாமல் போயாக வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் எழுதினால், பிள்ளைகள் இவ்வளவு நன்றாக இருந்தால் திட்டம் எதற்கு என்று கேட்பார்கள். பத்துக்குக் கீழே எழுதினால், இத்தனை நாள் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். பதினொன்று புள்ளி இரண்டு எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மாவட்டம் முழுக்க ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகளின் உடம்பில் பதினொன்று புள்ளி இரண்டு ஓடியது இப்படித்தான்.

“அப்ப, ஆஸ்பத்திரிப் படுக்கை?” என்று கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பேரை மேல்சிகிச்சைக்கு அனுப்பணும்னு ஒரு இலக்கு இருந்துச்சே. நீங்கல்லாம் எந்த ரெண்டு பேரை எழுதினீங்க?”

வருகைப் பதிவேட்டைத் திறந்தால் முதலில் இருக்கிற இரண்டு பெயர்களை எழுதுவார்கள். வேறு எதை எழுதுவது? அகர வரிசையில் அமுதன், அருள்மொழி என்று யாராவது இருப்பார்கள். நாற்பது வருடம் அதைப் படித்த இயந்திரம், பதிவேட்டில் முதலில் வருகிற பிள்ளைகளுக்குத்தான் கடுமையான நோய் வரும் என்று முடிவுகட்டிவிட்டது. அந்தப் பிள்ளைகள் பாவம், வருடம் ஒரு தடவை கல்லுமாதிரி நடந்துவந்து, மூன்று நாள் ரொட்டியும் பாலும் சாப்பிட்டுவிட்டு, ‘குணமடைந்தார்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பொற்கொடி டேப்பை எடுத்து ஓடைக்கரைப்பட்டி ஏழாம் வகுப்பைத் திறந்தாள். முதல் பெயர் அங்கயற்கண்ணி. கடுமையான ரத்தக்குறைவு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, படுக்கை எண் பதினான்கு, இரண்டு யூனிட் ரத்தம். செவ்வாய் என்றால் மறுநாள்.

இளங்கீரனும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தமக்குத் தலைவலிக்கிறது என்றும் நாளை தாம் விடுப்பு என்றும் சொன்னார். அந்த மனிதரிடம் கிடைக்கக்கூடிய அதிகபட்ச அனுமதி அதுதான். மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சரியில்லையை நீக்கி, கார்குழலிக்குச் சரி போட்டுவிட்டாள் பொற்கொடி.

அங்கயற்கண்ணியின் வீட்டில் ஒரு சிக்கலும் இல்லை. மகளின் படுக்கையைக் கார்குழலிக்கு விட்டுக்கொடுக்க அவள் அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். வருடா வருடம் இந்த ஆஸ்பத்திரித் திருவிழாவுக்குக் கூலி வேலையை விட்டுவிட்டுக் கூடப்போய் உட்கார்ந்து அவருக்கு அலுத்துவிட்டது. அங்கயற்கண்ணிக்கோ தலைகால் புரியவில்லை. அவள் பள்ளியின் கபடிக் குழுவில் ரைடு போகிறவள். செவ்வாய்க்கிழமைதான் வட்டாரப் போட்டி. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகப் பதிவில் உள்ளவள் மைதானத்தில் எப்படி இறங்குவாள்? தலைமையாசிரியர் கனகசபாபதி ஐந்து நிமிடம் யோசித்து, அவளைக் கார்குழலி என்ற பெயரில் ஆடவைத்தார். அவர் ஒன்றும் புரட்சிக்காரர் இல்லை, ஒத்திசைவு குறையாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தி, பொற்கொடி பிள்ளையிடம் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள். யார் கேட்டாலும் பேர் அங்கயற்கண்ணி. பிள்ளை உதடு அசைந்து அசைந்து அதை முனகியது. உள்ளே முகத்தை ஒத்துப்பார்க்கும் கேமரா ஒன்று உண்டு. முகம் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயும் ஒரு படிவம் வரும் என்பதால், அதை ரொம்ப நாளைக்கு முன்னாலேயே சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்திருந்தார்கள். வரவேற்பு மேசைப் பெண் நேற்றுப் பார்த்த அதே பிள்ளையை இன்றும் பார்த்தாள். “அங்கயற்கண்ணிதானே?” என்றாள். பொற்கொடி தலையாட்டினாள். அவளும் தலையாட்டி, படுக்கைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

வார்டு டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். கார்குழலியின் இமையைப் பார்த்தவுடன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நாலு வருடத்தில் நோயோடு வந்த முதல் ஆள் இவள்தான் என்று நர்சிடம் சொன்னார். வார்டே பரபரத்தது. ஒருத்தி ஆக்சிஜன் கொண்டுவர ஓடினாள், ஒருத்தி மறந்துபோயிருந்த ஊசியின் அளவைப் புத்தகத்தில் தேடினாள். ரத்தப் பை வந்தது. அதில் அங்கயற்கண்ணி, பி பாசிட்டிவ் என்று ஒட்டியிருந்தது.

அப்போதுதான் பொற்கொடிக்கு உறைத்தது. பேரை மாற்றிவிடலாம், ரத்தத்தை மாற்ற முடியுமா? டாக்டரின் பக்கத்தில் போய் நின்று, “டாக்டர், வகை பாக்காம, ஒத்துப் பாக்காம ஏத்திராதீங்க” என்றாள்.

“திட்டத்துல பி பாசிட்டிவ்னு இருக்கே.”

“இருக்கட்டும். பிள்ளையைப் பாத்துருங்க டாக்டர்.”

டாக்டர் தம் கையாலேயே பிள்ளையின் ரத்தத்தை எடுத்து, தாமே ஆய்வகத்துக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் வேறு பை இருந்தது. ஓ பாசிட்டிவ். அங்கயற்கண்ணிக்கு வயதுக்கு வந்தபின் ரத்த வகை மாறிவிட்டது போலிருக்கிறது என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொல்லிவிட்டு, ரத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றத் தொடங்கினார்.

வயிற்றில் கொக்கிப்புழு. பன்னிரண்டு மாத்திரை விழுங்கியதாக எழுதப்பட்ட வயிறு. மூன்றாம் நாள் கார்குழலி எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள். பத்தாம் நாள் வீட்டுக்குப் போனாள். படுக்கையும் மாத்திரையும் ‘அங்கயற்கண்ணி, குணமடைந்தார்’ என்று முடிந்தன. கார்குழலியோ பதினொன்று புள்ளி இரண்டில் எந்நாளும் நலமாக இருந்தாள். போதாததற்குக் கபடியில் வட்டார அளவில் இரண்டாம் பரிசும் வாங்கியிருந்தாள். அங்கயற்கண்ணி அந்தச் சான்றிதழைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். கொடுக்கும்போது அழுதாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒத்திசைவு தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. கேடயம் பொற்கொடிக்கே. விழாவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேறு ஒன்றியத்துச் செவிலியர், கைதட்டிக்கொண்டே, “எனக்கு இந்த வருஷம் நாலு பிள்ளைங்க. உங்களுக்கு?” என்று காதில் கேட்டாள். பொற்கொடிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பேர் மாற்றிப் படுக்கவைத்த பிள்ளைகளின் கணக்கு என்று புரிந்ததும் ஒரு விரலைக் காட்டினாள். இருவரும் மேடையைப் பார்த்துக் கைதட்டினார்கள். இப்படி நாலு பேர் இருக்கும்வரை நாடு தாங்கும் என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அந்த நிம்மதி பிப்ரவரி வரை இருந்தது. சத்து மாத்திரையைக் கார்குழலியின் கையில் நேராகக் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஓடைக்கரைப்பட்டிக்குப் போனாள். இந்த மாத்திரையும் அங்கயற்கண்ணி பெயரில்தான் வந்தது. பிள்ளை கன்னம் உப்பி, வேன் படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு மாத்திரையை விழுங்கினாள். விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

“சிஸ்டர், அன்னைக்கு நான் செத்துப்போயிருந்தா யார் செத்தான்னு எழுதியிருப்பீங்க?”

பிள்ளையிடம் பொய் சொல்லப் பொற்கொடிக்கு மனம் வரவில்லை. “அங்கயற்கண்ணின்னு” என்றாள்.

“அப்ப நான்?”

“நீ எட்டாவதுக்குப் போயிருப்ப. வருஷம் ரெண்டு கிலோ கூடியிருப்ப.”

பிள்ளை அதைக் கேட்டு ஒன்றும் பயப்படவில்லை. “செல்வராணி அக்கா மாதிரி” என்றாள், கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோல.

செல்வராணி யார் என்று கேட்டாள் பொற்கொடி. மேலத்தெருப் பெண்ணாம். ஏழாவது படிக்கும்போது மஞ்சள்காமாலை வந்து இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறதாம். பேரை எடுத்தால் பள்ளிக்கூடத்தின் எண்ணிக்கை திட்டத்தோடு ஒத்துவராது என்று ஆசிரியர்கள் எடுக்கவில்லையாம். தினமும் பேர் கூப்பிடுவார்களாம், யாராவது ஒருத்தி ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லிவிடுவாளாம்.

பொற்கொடி டேப்பைத் திறந்தாள். ஒன்பதாம் வகுப்பு, செல்வராணி. உயரம் நூற்று ஐம்பத்திரண்டு. எடை நாற்பத்தொன்று. கண் சரி, பல் சரி, ரத்த அளவு பதினொன்று புள்ளி இரண்டு. அடியில் பொற்கொடி போட்ட சரி. போன வருடமும் அவளுடைய சரி, அதற்கு முந்தைய வருடமும். ஒத்துப்பார்க்கப் போகிற நாளில் வராத பிள்ளைகளுக்கும் சரி போட்டுவிட்டுத்தான் வேன் கிளம்பும். நூற்றுப் பன்னிரண்டு பள்ளி, திரும்பி வர ஏது நாள்? எல்லாரும் அப்படித்தான். ஆனால் இந்தப் பிள்ளையை வளர்த்தது எல்லாரும் இல்லை, அவளுடைய கட்டைவிரல்தான். பதினாலாயிரம் பேரில் இன்னும் எத்தனை பேரை இப்படி வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அங்கேயே பெயரை நீக்கக் கை போனது. ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் நீக்குவது இன்னொரு தப்பாகத் தோன்றியது. வேனைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு மேலத்தெருவுக்கு நடந்தாள்.

செல்வராணியின் அம்மா முத்துப்பேச்சி வாசலில் சாக்கை விரித்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நெடி மூக்கில் ஏறியது. பொற்கொடி எதிரில் குந்தி உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். உங்கள் பெண் பெயர் இன்னும் எங்கள் கணக்கில் இருக்கிறது, வருடா வருடம் நன்றாக இருப்பதாகப் போட்டிருக்கிறது, அது பெரிய தப்பு, இன்றைக்கு நீக்கிவிடுகிறேன், என்னை மன்னியுங்கள். நீக்கினால் கேடயம் போகும், விசாரணை வரும், மற்ற சரிகளையும் தோண்டுவார்கள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். தோண்டட்டும் என்றுதான் வந்திருந்தாள். முத்துப்பேச்சி மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்வது என்றும் முடிவுசெய்திருந்தாள்.

முத்துப்பேச்சி தூற்றவில்லை. காம்பு கிள்ளுவதை நிறுத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“எடுக்கிறதுக்கு முந்தி ஒருக்கா வாசிங்க” என்றாள்.

“என்னத்த?”

“என்ன எழுதியிருக்கோ அதை.”

இருபத்துமூன்று வருடத்தில் பொற்கொடி எழுதிய அறிக்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. அவள் டேப்பை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். அப்படியென்றால் எனக்கு எதுவரைக்கும் வரும் என்று கேட்டுக்கொண்டே முத்துப்பேச்சி எழுந்து நின்றாள். பையில் இருந்த நாடாவை எடுத்துப் பொற்கொடி அளந்து காட்டினாள். அம்மாவின் காதுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. முத்துப்பேச்சி அந்த இடத்தில் கையை வைத்தாள். வைத்தபடியே மிச்சத்தைக் கேட்டாள். எடை நாற்பத்தொரு கிலோ. ம். கண் இரண்டும் நல்ல பார்வை. ம். பல்லில் சொத்தை இல்லை. சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்கிறவளாச்சே என்றாள் முத்துப்பேச்சி, லேசாகச் சிரித்தாள். ரத்தம் கொஞ்சம் குறைவு, மாத்திரை சாப்பிட்டால் போதும். ம். படிப்பில் கவனம் நன்று. வேறு குறைபாடு எதுவும் இல்லை.

வாசித்து முடிந்தது. முத்துப்பேச்சி காதோரம் வைத்த கையை எடுக்கவில்லை.

“இதெல்லாம் யார் பாத்து எழுதுனது?”

இயந்திரம் எழுதியது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் பொற்கொடி தப்பிக்க வரவில்லை.

“நாந்தாம்மா எழுதுனேன்” என்றாள். ‘பாத்து’ என்ற வார்த்தையை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.